படம் இல்லாமலும் பக்கம் செய்யலாம்: தினம் ஒரு சவாலோடு நினைவுக் கொப்பி

இலங்கையின் வடக்கே வன்னியில் பல வீடுகளின் அல்பங்கள் போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அதற்கு முந்திய கலியாணப் படம், பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், வீடு குடிபூரல் எதுவும் கையில் இல்லை. ஒன்றிரண்டு இருந்தாலும் அது கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற சித்தி வட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான படமாக இருக்கும். அதனால் ஸ்கிராப்புக், அதாவது படமும் துண்டுகளும் ஒட்டிக் கதை எழுதுகிற நினைவுக் கொப்பி, செய்வோமா என்று கேட்டால், "எங்களிட்ட ஒட்ட என்ன கிடக்கு?" என்ற பதில்தான் முதலில் வரும். அப்படிக் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குப் படம் கட்டாயமில்லை. சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்க வேண்டும், அதை இன்றைக்கே செய்துவிட ஒரு உந்துதல் இருக்க வேண்டும். அந்த உந்துதலைத் தருவதுதான் தினச் சவால்.

பத்திரிகைத் துண்டுகளையும் அட்டைகளையும் கொப்பியில் ஒட்டி வைப்பது பழைய பழக்கம். இன்றைக்கு உலகம் முழுவதும் செய்யப்படுகிற ஸ்கிராப்புக் பரவியதற்கு, 1980இல் அமெரிக்காவின் சோல்ற் லேக் சிற்றியில் நடந்த ஆவண மாநாட்டில் மரிலென் கிறிஸ்ரென்சன் என்ற பெண்மணி தன் குடும்ப நினைவுக் கொப்பிகளைக் காட்சிக்கு வைத்ததும் ஒரு காரணம். படத்தோடு அதன் கதையையும் எழுதி வைப்பதுதான் அவர் காட்டிய வழி. கதை நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

தினச் சவால் என்றால் ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கட்டுப்பாடு. "இன்று இரண்டு நிறம் மட்டும்", "இன்று படம் கூடாது", "இன்று ஒரு மணத்தைப் பற்றி", "இன்று இருபது நிமிடத்துக்குள்". இப்படி ஒரு மாதம். கத்தரிப்பதும் ஒட்டுவதும் சுலபம். எதைப் பற்றிச் செய்வது, எந்தக் கடதாசியை எடுப்பது என்று யோசித்தே பொழுது போய்விடுவதுதான் பிரச்சினை. அந்த முடிவை முதலே எடுத்துச் சீட்டில் எழுதிவிட்டால், பின்னேரம் வந்து இருந்து கையை மட்டும் ஓடவிடலாம்.

எந்த மாதம்

வன்னியில் இது முக்கியமான கேள்வி. காலபோக (மாரிக்கால நெல்) விதைப்பு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் வயல் வீடுகளில் இரவு எட்டு மணிக்கு யாருக்கும் கத்தரிக்கோல் பிடிக்க ஏலாது. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் வேறொரு தொல்லை: காற்றில் ஈரம், பசை காயாது, மட்டை வளையும். அறுவடை முடிந்து கை கொஞ்சம் ஓய்கிற நாட்கள் நல்லவை. வயல் வேலை இல்லாத வீடு என்றால் பெப்ரவரி வசதி, 28 நாளோடு முடிந்துவிடும். வைகாசியைத் தெரிவு செய்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த நீரில் விளக்கெரிகிற அந்த நாட்களில் ஒட்டுவதற்கும் எழுதுவதற்கும் பஞ்சமே இராது. பிள்ளைகளுக்குச் சோதனை இருக்கிற மாதத்தை மட்டும் தொடாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

வெளிநாட்டில் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்று பெரிய சதுரப் பக்கம் செய்வார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அந்த அளவுக் கடதாசி தேடி அலைய வேண்டும், நிரப்பவும் நேரம் காணாது. தினம் ஒரு பக்கம் என்றால் ஏ4 தாளின் பாதிதான் சரியான அளவு: 21 சென்ரிமீற்றருக்கு 14.8. புத்தகக்கடையில் பிறிஸ்டல் போட் என்ற தடித்த மட்டை வாங்கி, ஒரு மாதத்துக்குத் தேவையான துண்டுகளை ஒரே நாளில் அடிமட்டம் வைத்து வெட்டி அடுக்கிவிடுங்கள். சீ.ஆர். கொப்பியில் (பள்ளிக்கூடத்துத் தடித்த கொப்பி) நேராக ஒட்டலாமா என்று கேட்பார்கள். ஒட்டலாம், ஆனால் தாள் மெல்லியது, பசைக்குச் சுருங்கும், பத்துப் பக்கத்துக்குப் பிறகு கொப்பி மூடாது. தனித்தனி மட்டையாகச் செய்து கடைசியில் பைலில் போடுவது எவ்வளவோ மேல்.

பசைக்குக் கடதாசி ஒட்டுகிற வெள்ளைப் பசையோ குளூ ஸ்டிக்கோ போதும். வெள்ளைப் பசையை விரலால் மிக மெல்லியதாகப் பூசுங்கள். சோற்றுப்பசையும் கோதுமைமாப் பசையும் வேண்டாம், கரப்பானுக்கும் புத்தகப் பூச்சிக்கும் அது விருந்து. செலோரேப்பும் வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகிக் கழன்று விழும், ஆனால் அதன் கறை மட்டும் தாளை விட்டுப் போகாது. எழுதுவதற்குச் சாதாரண பென்சிலை நம்பலாம், அது மங்காது. குமிழ்முனைப் பேனை வெளிச்சத்தில் மெல்ல மெல்ல வெளிறும்.

அடுத்தது ஒரு பிஸ்கற் தகரம். சவால் தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே இதை அடுக்களைத் தட்டில் வைத்துவிடுங்கள். கையில் கிடைப்பதையெல்லாம் போடுங்கள்: கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், பழைய கலண்டரின் தடித்த தாள், தேயிலைப் பக்கற், கச்சான் சுற்றித் தந்த கடதாசிச் சுருள், பிள்ளையின் பழைய கொப்பி மட்டை. தையல்கார அக்காவிடம் சொல்லி வைத்தால் பிலவுஸ் துண்டும் சாறிக் கரையும் பை நிறையத் தருவார். வேப்பிலை, பாலை இலை, பூவரசம்பூ போன்றவற்றைப் பத்திரிகைத் தாளுக்கு இடையில் வைத்துப் பாரம் ஏற்றினால் ஒன்றிரண்டு கிழமையில் காய்ந்து தட்டையாகும். இடையில் இரண்டு முறை தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

தகரத்தில் போடக் கூடாத ஒன்றும் உண்டு, மூல ஆவணம். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பழைய அடையாள அட்டை இவற்றைப் போட்டோக்கொப்பி எடுத்துப் பாவியுங்கள். பஸ்ஸில் மெசினில் அடித்துத் தருகிற ரிக்கற்றும் கடைப் பில்லும் வெப்பத்தில் எழுத்து வருகிற தாள். கொஞ்சக் காலத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். அவற்றையும் கொப்பி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். பத்திரிகைத் தாளுக்கும் அதே கதைதான், அது மஞ்சளாகிப் பொடியும்.

மறந்துபோகிற ஒரு புதையல்

நம் வீடுகளில் இருப்பது பலருக்கு நினைவு வராது: கல்வெட்டு. அந்தியேட்டியிலோ 31ஆம் நாளிலோ கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகம். அதில் இறந்தவரின் படம் இருக்கும். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், செய்த தொழில், வம்சாவளி எல்லாம் இருக்கும். உங்கள் வீட்டுப் பிரதி தொலைந்திருந்தாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு மாமி வீட்டிலோ கொழும்பில் ஒரு பெரியப்பா வீட்டிலோ சாமிப்பட அலுமாரிக்குக் கீழே ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்டு வாங்கி, போட்டோக்கொப்பி எடுக்கிற கொமினிக்கேசன் கடையில் கொடுத்து நல்ல கொப்பி எடுங்கள். அம்மம்மாவின் ஒரே படம் அதில் அகப்படலாம்.

சீட்டு எழுதுதல்

ஒரு மாதத்துக்கான சவால்களை ஒரே மூச்சில் எழுதி, மடித்து, வேறொரு பேணியில் போடுங்கள். இரவு படுக்கப்போகும் முன் ஒன்றை எடுங்கள். அடுத்த நாள் முழுக்க, பானை கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், அது மனதின் ஒரு மூலையில் வேலை செய்துகொண்டிருக்கும். காலையில் சீட்டு எடுத்துப் பின்னேரம் செய்பவர்களும் உண்டு. எனக்கு இரவுச் சீட்டுத்தான் பிடிக்கும்.

சவால்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஒரு கிழமையில் அலுத்துவிடும். பாதியை விஷயம் சொல்பவையாகவும் மிச்சத்தைச் செய்முறை சொல்பவையாகவும் எழுதுங்கள். விஷயச் சவால்களுக்குச் சில:

நான் முதல் நடந்து போன பள்ளிக்கூட வழி. வீட்டில் இருந்த ஒரு மரம். குளம் வான் பாய்ந்த நாள். பாலைப்பழம் பொறுக்கின காடு. அப்பாவின் சைக்கிள். இடம்பெயர்ந்தபோது கையில் கொண்டு போன ஒரு பொருள். திரும்பி வந்த அன்று சமைத்த முதல் சாப்பாடு. ஊரில் இப்போது இல்லாத ஒரு சத்தம். இன்று சந்தையில் தேங்காய் விலை. ஒருவரின் கையெழுத்து.

தேங்காய் விலை எதற்கு என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கு அது சாதாரணம். இருபது வருடம் கழித்து அந்தப் பக்கத்தைத்தான் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். நினைவுக் கொப்பி பழையதைப் பற்றி மட்டும் இருந்தால் பாரமாகிப் போகும். நாலுக்கு ஒன்றாவது இன்றைய நாளைப் பற்றி இருக்கட்டும்.

செய்முறைச் சவால்கள் இப்படி: மண்ணிறமும் பச்சையும் மட்டும். துணி கட்டாயம். கத்தரிக்கோல் கூடாது, கையால் கிழித்தது மட்டும். முழுப் பக்கமும் எழுத்து. பக்கத்தில் பாதி வெறுமை. ஊசி நூலால் ஒரு இடமாவது தைத்திருக்க வேண்டும். தகரத்தின் அடியில் கிடக்கிற மூன்று பொருட்கள். வேறொருவர் செய்த பக்கத்தின் அமைப்பை எடுத்து நம் விஷயத்தை அதில் போடுதல். இந்தக் கடைசிச் சவாலைத் தவற விடாதீர்கள். எங்கே எதை வைத்தால் கண்ணுக்கு இதம் என்று அதில்தான் சீக்கிரம் பிடிபடும்.

இன்னொரு வகையும் சேர்க்கலாம்: தேடிப் பிடித்த ஒரு தகவல் கட்டாயம். கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்திலோ வட்டக்கச்சியிலோ குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தாவைப் பற்றிய பக்கம் என்று வையுங்கள். இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது என்ற ஒரு வரியை ஓரத்தில் எழுதினால், அந்தத் தண்ணீரை நம்பித்தான் தாத்தா வண்டி கட்டிக்கொண்டு வந்தார் என்பது விளங்கும். ரயில் ரிக்கற் பக்கம் என்றால், 1990இல் நின்ற ரயில் 2013 செப்டெம்பரில்தான் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது என்று எழுதலாம். இடைப்பட்ட அந்த வருடங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளை ரயிலை முதல் எங்கே பார்த்தது என்று கேட்டால் இன்னொரு பக்கம் கிடைக்கும்.

அரை மணித்தியாலம்

நேரத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் தகரத்திலிருந்து தேவையானதை எடுங்கள், ஐந்து பொருளுக்கு மேல் வேண்டாம். அடுத்த பத்து நிமிடம் பசை தொடாமல் மட்டையில் வைத்து வைத்து மாற்றிப் பாருங்கள். பெரியது ஒன்று, அதற்குப் பக்கத்தில் தலைப்பு, எழுதுவதற்கு ஒரு இடம், இவ்வளவும்தான் அடிப்படை. பெரியதை நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி வையுங்கள். பொத்தான், விதை, இலை போன்ற சின்னப் பொருட்களை ஒரே இடத்தில் குவிக்காமல் முக்கோணமாக மூன்று இடத்தில் வைத்தால் கண் பக்கம் முழுக்கச் சுற்றி வரும். பிடித்துப் போனதும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு ஒட்டத் தொடங்குங்கள். ஒட்டும்போது இடம் மாறினால் அந்தப் படத்தைப் பார்த்துத் திருத்தலாம்.

எழுத்தைக் கடைசிக்கு விட்டாலும் குறைக்காதீர்கள். பக்கத்தின் உயிரே அதுதான். யார், எங்கே, எந்த வருடம் என்பது ஒரு வரி. மிச்சம், சொன்னவர் சொன்ன பேச்சிலேயே இருக்க வேண்டும். "அம்மம்மா கிணற்றில் நீர் அள்ளினார்" என்று எழுதினால் அது யாருடைய அம்மம்மாவாகவும் இருக்கலாம்.

ஒரு பக்கம் எப்படி உருவாகும் என்று கிட்டப் பார்ப்போம். சீட்டில் "இல்லாத வீடு" என்று வந்தது. முள்ளியவளையில் இருந்த அம்மம்மா வீட்டுக்குப் படம் ஒன்றும் இல்லை. வீட்டின் நிலப்படம் வரையலாம் என்று பென்சிலோடு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"வாசல் எந்தப் பக்கம் அம்மம்மா?"

"கிழக்கு வாசல். ஏன் பிள்ளை, வீடு கட்டப் போறியோ?"

"கிணறு?"

"ஈசான மூலையில. அதுக்குப் பக்கத்தில தேசிமரம். இல்லை, பொறு, தேசி இஞ்சால. கிணத்தடியில வாழை."

அப்புறம் பென்சிலை அவரே வாங்கிக்கொண்டார். அடுப்படி, ஆட்டுக்கொட்டில், விறகு அடுக்குகிற இடம், பெரிய மாமா விழுந்து கை முறித்த மாமரம் என்று தாளை நிரப்பினார். அந்தத் தாளை அப்படியே எடுத்தேன். நடுங்கின கோடுகளைத் திருத்தவில்லை. சீமெந்துப் பையின் மண்ணிறக் கடதாசியைக் கையால் கிழித்து அடியில் ஒட்டி, அதன்மேல் படத்தை வைத்தேன். கிணற்றுக்கு நீலச் சாறித்துண்டில் வெட்டின ஒரு சின்ன வட்டம். வேலிக்குப் பச்சை நூலால் நாலு பக்கமும் ஓட்டுத் தையல். ஊசி போடும் முன் குண்டூசியால் மட்டையில் துளை போட்டுக்கொண்டால் மட்டை மடியாது. கீழே எழுதினது அவர் சொன்ன வரிதான்: "விடிய எழும்பினால் முதல் கேக்கிறது கப்பிச் சத்தம். ஆர் முதல் அள்ளுறது எண்டு எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் போட்டி." அந்தப் பக்கத்தில் புகைப்படம் எதுவும் இல்லை. ஆனால் கனடாவில் இருக்கிற மாமா அதைப் பார்த்துவிட்டுத் தேசிமரத்தின் இடம் பிழை என்று தொலைபேசி எடுத்தார்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

வன்னியில் மூத்தவர்களிடம் நினைவைக் கேட்பது சும்மா காரியமில்லை. "2009இல என்ன நடந்தது?" என்று நேரே கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள்: அடுப்படியில் என்ன இருந்தது, அந்தச் சைக்கிள் எங்கே வாங்கினது, கறி யாரிடம் பழகினீர்கள். சொல்ல விரும்பினால் மற்றதை அவர்களே சொல்வார்கள். பேச்சு நின்றால் நீங்களும் நிறுத்துங்கள். அன்றைய பக்கத்தில் பாதி வரி இருந்தாலும் பரவாயில்லை, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு சீட்டு எடுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் பல வீடுகளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்த மூலப்படத்தை எந்தக் காரணத்துக்காகவும் ஒட்டக் கூடாது. முறைப்பாட்டுக் கோவைக்கு அது எப்போதும் தேவைப்படும். ஸ்ரூடியோவில் ஸ்கான் செய்து, பிரதி எடுத்து, மூலத்தைக் கோவையில் பழையபடி வையுங்கள். அவரைப் பற்றிய பக்கம் எப்படி இருக்க வேண்டும், அவரைப் பற்றி எழுதும்போது "இருக்கிறார்" என்பதா "இருந்தார்" என்பதா என்பதெல்லாம் தாயோ மனைவியோ முடிவு செய்ய வேண்டியது. கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

நாள் தவறினால்

தவறும். காய்ச்சல் வரும், செத்தவீடு வரும், மின்சாரம் போகும். விட்ட நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரண்டு பக்கம் செய்யப் போகாதீர்கள், அப்படித்தான் பலருடைய மாதம் மூன்றாவது கிழமையில் நின்றுபோகிறது. செய்யாத சீட்டை மடித்துப் பேணியில் திரும்பப் போட்டுவிட்டு அன்றைய சீட்டைச் செய்யுங்கள். உடம்பு ஏலாத நாளில் தலைப்பும் மூன்று வரியும் எழுதின வெறும் மட்டையும் கணக்குத்தான்.

தனியாகச் செய்வதைவிட ஒரு துணை இருந்தால் மாதம் வேகமாக ஓடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், மாதர் சங்கத்தில் நாலு பேராக இருக்கலாம். எனக்குத் தெரிந்து மிக நல்லது, வெளிநாட்டில் இருக்கிற சகோதரியோடு ஒரே சீட்டைச் செய்வது. ரொறன்ரோவில் அக்கா காலையில் எழும்பும்போது இங்கே பின்னேரம், இங்கே செய்து அனுப்பின பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் தன்னுடையதைச் செய்யலாம். "வீட்டில் இருந்த ஒரு மரம்" என்ற ஒரே சீட்டுக்கு இருவரும் இரண்டு மரத்தைச் செய்வீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பைலில் போடுங்கள்.

பாதுகாப்பு

நம் ஊரில் கொப்பிக்கு எதிரி நாலு: கறையான், எலி, செம்மண் புழுதி, மாரி ஈரம். பக்கங்களைப் பொலித்தீன் உறையில் போட்டு, வளையம் வைத்த பைலில் அடுக்கி, இறுக்கமாக மூடுகிற தகரப் பெட்டியில் வையுங்கள். பெட்டி நிலத்தில் இருக்கக் கூடாது, சுவரோடும் ஒட்டி இருக்கக் கூடாது. பசை நன்றாகக் காய இரண்டு நாள் விட்டுத்தான் உறையில் போட வேண்டும். விதை, நெல்மணி ஒட்டின பக்கங்களைத் தனியாக வையுங்கள், எலி மணம் பிடித்து வரும். மாரி முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும்.

கடைசி வேலையாக எல்லாப் பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு முறை அல்பம் முழுவதையும் விட்டுவிட்டு ஓடின சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலை ஒன்பது மணிக்கு முன்னால் விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில் பக்கத்தை நிலத்தில் வைத்து நேர் மேலே நின்று எடுங்கள். பிளாஷ் வேண்டாம். உறைக்குள் போடும் முன் எடுத்தால் பளபளப்பு விழாது. ஒவ்வொரு படத்துக்கும் திகதியும் தலைப்பும் பெயராக வையுங்கள், "2025-05-12 கிணறு" என்பது மாதிரி. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒரு பிரதி வெளிநாட்டில் ஒருவரிடம், ஒன்று ஊரில் இன்னொரு வீட்டில், ஒன்று உங்களிடம். பேணியில் மிஞ்சின சீட்டுகளை எறியாதீர்கள், அடுத்த மாதத்துக்கு அதிலிருந்தே தொடங்கலாம்.